ஏஞ்செலீன், எங்கே நிற்கிறாய்?

சென் ரோசாலித் தீவில் முதல் தேங்காய் பேசியபோது முகாமில் யாரும் திடுக்கிடவில்லை, ஏனென்றால் எத்தனையோ மாதம் தகரப்பேணிச் சாப்பாட்டிலேயே கிடந்த நாக்குகளுக்கு இன்றைக்குத் தேங்காய்ச் சம்பல் என்ற செய்தி அதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. யோகமலர் காயை இடதுகையில் உருட்டி உருட்டிக் கத்தியின் முதுகால் தட்டி, சுற்றிவர ஒரு வெடிப்பு ஓடவிட்டு, தண்ணீரை ஏந்தக் கோப்பையைச் சரித்துப் பிடித்தாள். தண்ணீர் வருவதற்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு பெண், நல்ல கட்டைக் குரலில், விளங்காத ஏதோ பாஷையில், மூச்சுக்கூட விடாமல் யாரையோ ஏசித் தள்ளினாள். ஏசி முடிந்த பிறகு தண்ணீர் வந்தது.

"ஆரது?" என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மரியபுஷ்பம்.

யோகமலர் பாதியைத் திருப்பிப் பார்த்தாள். "தெரியாது. ஆனா நல்ல முத்தல். பால் வரும்."

அந்தத் தீவுக்கென்று புறப்பட்டு வந்தவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை. கனடாவுக்கென்று முல்லைத்தீவுப் பக்கமாக இறங்கிய மீன்பிடிப் படகு நடுக்கடலில் தண்ணீர் எடுக்கத் தொடங்க, சட்டி, வாளி, பால்மாப் பேணி என்று கைக்கு அகப்பட்டதாலெல்லாம் அள்ளி ஊற்றிக் களைத்து, இனி அள்ளியும் பிரயோசனமில்லை என்றான நேரத்தில், யோகமலர் மகள் துளசிகாவை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழும்பி நின்று, "பிள்ளையாரப்பா, ஆமியில்லாத ஒரு கரையிலை எங்களைக் கொண்டுபோய் விடு, தலைக்கு ஒரு சிதறுதேங்காய் அடிக்கிறன்" என்று எல்லாருக்கும் சேர்த்து உரத்து நேர்ந்தாள். கரை வந்தது. ஆனால் ஒரு போர்க்கப்பல் கட்டி இழுத்துக்கொண்டு வந்த கரை அது. பிரித்தானிய முடிக்குச் சொந்தமான, எந்த முடியும் ஒருநாளும் வந்து பார்க்காத, ஒரு பக்கம் முழுக்கப் படைத்தளமும் மறுபக்கம் தென்னையும் நண்டுமாகக் கிடந்த கரை. தென்னைக்குக் கீழே கூடாரங்களை அடித்து, கூடாரங்களைச் சுற்றி வேலி அடித்து, வேலிக்கு வெளியே காவல் போட்டு, உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னார்கள்.

"பிள்ளையார் பாதி வேலைதான் பாத்திருக்கிறார்," என்றார் பரஞ்சோதி. படகின் இயந்திரத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதால் அவர் சொல்வதற்கு முகாமில் ஒரு மதிப்பிருந்தது. "இஞ்சையிருந்து வெளிக்கிட்டாப் பிறகு அடிப்பம். பாதி வேலைக்கு முழுத் தேங்காயோ?"

எல்லாரும் சிரித்தார்கள். யோகமலர் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. சண்டையின் கடைசி மாதங்களில் ஒருநாள், பதுங்குகுழி வாசலில் விழுந்த செல் வெடிக்காமல் கிடந்தபோது, கணவன் தவராசா தப்பினான் என்று ஒரு தேங்காய் நேர்ந்தாள். ஆனால் அந்தக் கரையில் தலையோடு நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை, காய்க்கு எங்கே போவது? பிறகு, எல்லாம் முடிந்த நாளில், பதிவு எடுத்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி அவனை பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் எட்டி, "தண்ணிப் போத்திலை நீ வைச்சிரு" என்றான். அதுதான். துளசிகா அப்போது வயிற்றில் நாலு மாதம். அந்த பஸ் எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை என்று அரசாங்கம் பிறகு சொன்னது, அப்படியொரு பஸ்ஸே இல்லையென்றும் சொன்னது, இல்லாத பஸ்ஸில் ஏறியவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு யோகமலரும் அவளைப்போன்ற பெண்களும் வருசக்கணக்காகத் தெருவோரத்தில் தகரக்கொட்டில் போட்டு இருந்தார்கள். தேங்காய் பாக்கி என்பதால்தான் பஸ் வரவில்லை என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை, சொன்னால் அது எவ்வளவு மடத்தனம் என்று அவளுக்கே தெரியும், தெரிந்தாலும் நெஞ்சின் ஒரு மூலையில் அது அப்படியே கிடந்தது.

அதைவிடவும் ஒன்றை அவள் சொன்னதில்லை. படத்தை அத்தனை வருசம் ஏந்தி ஏந்தி, தவராசாவின் முகம் மூக்கு நுனி மச்சம் வரைக்கும் மனதில் நின்றது, குரல் போய்விட்டது. சொன்ன சொல் ஒவ்வொன்றும் இருந்தது, எந்தக் குரலில் சொன்னான் என்பது மட்டும் இல்லை. "அப்பாடை குரல் எப்பிடியம்மா?" என்று துளசிகா கேட்கும்போதெல்லாம், "ஆம்பிளைக் குரல்தான், போய்ப் படி" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

தேங்காய்கள் பேசிக்கொண்டே இருந்தன. ஒரு காய் ஒருமுறைதான் பேசும். உடைத்த கணத்தில் உள்ளே இருந்ததைச் சொல்லிவிட்டு வெறும் தேங்காயாகிவிடும். முதலில் ஒரு சச்சரவு வந்தது, பேசின காயைத் தின்னலாமா கூடாதா என்று. ஆவி பிடித்தது, புதைக்க வேண்டும் என்றார்கள் சிலர். மரியபுஷ்பம் அதன்மேல் சிலுவை போட்டுவிட்டுத் துருவத் தொடங்கினாள். "பேசினதைத் தின்னக்கூடாதெண்டா நீங்கள் உங்கடை கோழியளை என்ன செய்தனீங்கள்?" என்று அவள் கேட்டதோடு அந்தச் சச்சரவு முடிந்தது.

போகப்போக அவர்களுக்குக் காயைக் காதால் பார்க்கத் தெரிந்துவிட்டது. ஏசுகிற காய் முத்தல், சம்பலுக்கு நல்லது. சிரிக்கிற காயில் தண்ணீர் அதிகம். குழந்தை சிணுங்கினால் இளசு, அதை உடைத்தவள் ஒருநிமிசம் கையில் வைத்திருந்து ஆட்டிவிட்டுத்தான் கோப்பையில் ஊற்றுவாள். நாயைக் கூப்பிடுகிற காய்கள் நிறைய இருந்தன, அந்தத் தீவில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பேர் சண்டை பிடிக்கிற காயொன்று உடைந்தபோது வரிசையில் நின்ற முழு முகாமும் பக்கம் பிரிந்து, ஒரு சொல்லும் விளங்காமலே, பொம்பிளை சொன்னதுதான் நியாயம் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் அந்தச் சொற்களை எடுத்து விளையாடினார்கள். "வினி மான்சே!" என்று கூப்பிட்டால் கோப்பையோடு ஓடிவந்தார்கள், ஏனென்றால் அந்த வார்த்தைக்குப் பின்னால் எப்போதும் கரண்டிச் சத்தம் ஒன்றும் காய்க்குள்ளிருந்து வந்தது. எல்லாரிலும் துளசிகாவுக்குத்தான் அது நன்றாக வந்தது. அர்த்தம் தெரியாத வசனங்களை அவள் ஏற்ற இறக்கத்தோடு பாடமாக்கி வைத்திருந்தாள்.

இதையெல்லாம் இலண்டனில் இருந்து அவர்களுடைய வழக்கை நடத்திய சட்டத்தரணி அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர், அரசாங்கத்தின் நிலைப்பாட்டின்படி அந்தத் தீவில் நிலையான குடிமக்கள் ஒருபோதும் இருந்ததில்லை என்றார்.

"அப்ப தென்னையளுக்கை கூரையில்லாமல் கிடக்கிற வேதக்கோயிலை ஆர் கட்டினது, நண்டோ?" என்றாள் யோகமலர்.

அது நியாயமான கேள்வி. மனிதரை ஊரைவிட்டுத் துரத்துவது குற்றம் என்று எல்லாச் சட்டப்புத்தகமும் சொல்கிறது. ஆகவே கெட்டிக்காரர்கள் முதலில் மனிதரைத் துரத்திவிட்டு, பிறகு மனிதர் இருந்தார்கள் என்பதையும் துரத்துகிறார்கள். இல்லாத பஸ், இல்லாத ஊர். யோகமலருக்கு அந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கியது.

லிசெட் வந்தது சலவைக்கு. படைத்தளத்துச் சலவைக்கூடத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிற, அகன்ற தோளும் சுருட்டை முடியும் கொண்ட நடுவயதுப் பெண். முகாமின் அழுக்குத்துணியை எடுக்க வெள்ளிக்கிழமைகளில் தள்ளுவண்டியோடு வேலிவாசலுக்கு வருவாள், முகாம்காரரோடு பேசக்கூடாது என்ற கட்டளையால் புருவத்தால் மட்டும் சுகம் விசாரித்துவிட்டுப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் துணிமூட்டையைத் தூக்கிய நேரம், வாசலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து யோகமலர் ஒரு காயை உடைத்தாள். காய்க்குள்ளிருந்து ஒரு தாய் கூப்பிட்டாள்:

"ஏஞ்செலீன்! கோத் தோ எத்தே?"

மூட்டை விழுந்தது. லிசெட் வேலியின் கம்பிக்கு இடையால் கையை முழங்கைவரை விட்டு, உடைந்த காயைத் தா தா என்று கேட்டாள். வாங்கிக் காதில் வைத்தாள், தண்ணீர் கழுத்தால் வழிந்தது, காய் பேசவில்லை. காவற்காரன் மற்றப்பக்கம் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். துளசிகா ஓடிவந்தாள், காவற்காரரிடம் பொறுக்கிய இங்கிலீஷ் அவளிடம் இருந்தது.

"அம்மா, ஏஞ்செலீன் எண்டது இவவின்ரை அம்மாவாம். இஞ்சைதான் பிறந்தவவாம். சின்னப்பிள்ளையா இருக்கேக்கை எல்லாரையும் கப்பலிலை ஏத்தி வேறை ஊர் ஒண்டிலை இறக்கிவிட்டவையாம். நாயளை விட்டிட்டு வரச் சொன்னவையாம்." துளசிகா நிறுத்தி மறுபடி கேட்டுக்கொண்டாள். "அந்த ஏஞ்செலீன் அங்கை துக்கத்திலை செத்திட்டாவாம். நோய் வருத்தம் ஒண்டுமில்லையாம், துக்கம்தானாம். இவவுக்கு அப்ப மூண்டு வயசு. இந்த மண்ணிலை கால் வைக்க வேறை வழியில்லாமல்தான் உடுப்புத் தோய்க்க வந்தவவாம்."

"இப்ப காய் என்ன சொன்னது?"

"ஏஞ்செலீன், எங்கை நிக்கிறாய் எண்டு."

யோகமலர் கையிலிருந்த மற்றப் பாதியைப் பார்த்தாள். கூப்பிட்டால் பிள்ளை பதில் சொல்லியிருக்கும். அந்தப் பதில், லிசெட்டின் அம்மாவின் குரலில், வேறொரு காயில் இருக்கும். லிசெட் கேட்க வந்ததும் அதைத்தான், தென்னைகளைக் கைகாட்டிக்கொண்டு நின்றாள்.

"துளசி, சொல்லு," என்றாள் யோகமலர். "இனி வெள்ளிக்கிழமையிலைதான் இந்த முகாமிலை தேங்காய் உடைபடும். இவ நிக்கேக்கை மட்டும்தான். பதில் வருமட்டும். யோகமலர் சொன்னதெண்டு சொல்லு."

அப்படியே நடந்தது. கிழமைக்கு ஒருநாள் சம்பல் என்று ஆனது, யாரும் பெரிதாக முறைப்படவில்லை, மரியபுஷ்பம் மட்டும் வியாழக்கிழமைகளில் வாய்விட்டுப் பெருமூச்சு விட்டாள். லிசெட் கம்பிக்கு அந்தப்பக்கம் மூட்டையைக் கட்டுவதுபோல் மெதுவாகக் கட்ட, இந்தப்பக்கம் காய்கள் உடைந்தன: மாமன்கள், மீன்காரர், பூசை சொல்லுகிற ஒரு நடுங்கல் குரல், யாரோ ஒருத்தி மழைக்கு முதல் உடுப்பு எடுக்கச் சொல்லிக் கத்துவது. லிசெட் சிலநேரம் சிரித்தாள், சிலநேரம் ஏப்ரனால் முகத்தை மூடினாள். பதில் வரவில்லை. யோகமலர் ஒவ்வொரு காயையும் உடைக்குமுன் காதில் வைத்துப் பார்த்தாள், தன்னுடைய ஆளின் குரலைத் தேடுகிறவள்போல.

பிறகு மரம்வெட்டும் வாள்கள் வந்தன. தேங்காய் தலையில் விழுந்து விபத்து நேரலாம் என்பதால், அகதிகளின் நலன் கருதி, முகாமைச் சுற்றியுள்ள முதிர்ந்த தென்னைகள் அகற்றப்படும் என்று அதிகாரி வாசித்தார். அத்தனை வருசமும் எலி கடித்த பிள்ளைகளின் நலனைக் கருதாதவர்கள் திடீரென்று தலையைப்பற்றி ஏன் கவலைப்படுகிறார்கள் என்று பரஞ்சோதி கேட்டார், கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது. பழைய ஊர்க்காரர் நட்டு, அவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த தென்னைகள்தான் பேசின, அவர்கள் போன பிறகு தானாக முளைத்தவற்றில் வெறும் தண்ணீர்தான். பழையவை எல்லாம் இரண்டு பகலில் விழுந்தன. விழ விழ ஆணும் பெண்ணுமாக ஓடி ஓடிக் காய்களைப் பொறுக்கி, துணிக்குள் சுற்றி, கட்டில்களுக்குக் கீழே அடைத்தார்கள். அந்த நாட்களில் முகாமில் யாரும் கட்டிலில் தொப்பென்று இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், யாரும் எதிர்பாராத ஒரு திங்கட்கிழமை, சட்டத்தரணி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார். வழக்கு வென்றுவிட்டது. எல்லாரும் பிரித்தானியாவுக்கு. நாளைக் காலை விமானம். ஆளுக்கு ஒரு பை. மரம், விதை, காய், மண் எதுவும் கொண்டுவரக் கூடாது.

முகாம் ஒரு சத்தம் போட்டது, படைத்தளம்வரை கேட்டிருக்கும். சத்தம் அடங்கியதும் பரஞ்சோதி வந்து யோகமலருக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி. நேர்த்திக்கடன். பிளேன் ஏறமுன்னம் அடிக்கவேணும்."

"வெள்ளிக்கிழமை இல்லையே அண்ணை இண்டைக்கு."

"வெள்ளிக்கிழமை நாங்கள் இல்லையே."

"அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தனான்."

"பிள்ளையாருக்கு அதுக்கு முதலே குடுத்திட்டீர். எங்கடை எல்லாற்றை தலையையும் சேத்தெல்லோ குடுத்தனீர்."

"காயளை வேலிக்கு அங்காலை உருட்டிவிடுவம். அவ எடுக்கட்டும்."

"காவல்காரன் எடுப்பான். மரத்தை விட்டவங்களோ காயை விடப்போறாங்கள்? நாங்கள் போன கையோடை புல்டோசர் வந்து மிதிக்கும். சாமிக்கும் இல்லை, அவவுக்கும் இல்லை."

"ஆளை விட்டுக் கூப்பிடுவம் அப்ப."

கூப்பிட்டார்கள். வாசலில் நின்றவனிடம் துளசிகா சலவைக்கார அம்மாவை ஒருக்கால் வரச்சொல்லக் கேட்டாள். வெள்ளிக்கிழமை வருவா என்றான் அவன். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மரியபுஷ்பம் மெல்லக் கிட்ட வந்து, "ரெண்டு தரம் பிளேன் எண்டு சொல்லி ஏமாத்தினவங்கள், மலர். மூண்டாந்தரம் பிழைச்சா நான் கடலுக்கைதான் இறங்குவன்" என்றாள். அவள் வேதக்காரி, பிள்ளையாரோடு அவளுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

யோகமலர் மகளைப் பார்த்தாள். பையை ஏற்கெனவே கட்டி மடியில் வைத்துக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு இருந்தாள் துளசிகா. யோகமலருக்கு பஸ் யன்னல் தெரிந்தது. அடிபடாத அந்த ஒரு தேங்காய் தெரிந்தது.

"கொண்டு வாங்கோ," என்றாள்.

வேலியோரத்தில் கிடந்த சீமெந்துக் கட்டியொன்றைக் கழுவி, மஞ்சள் இல்லாததால் கறித்தூளில் ஒரு பொட்டு வைத்தார்கள். நேர்ந்தவள் என்பதால் யோகமலர் முதலில் அடித்தாள். அவளுடைய காயிலிருந்து ஒரு கிழவனின் இருமல் வந்தது. அந்தளவில் நிறுத்தியிருக்கலாம், ஒவ்வொன்றாக, செவிகொடுத்துச் செய்திருக்கலாம். ஆனால் சிதறுதேங்காய் அடிக்கிற கையை யார் பிடித்து நிறுத்துவது, அதுவும் இத்தனை வருசம் வேலிக்குள் கிடந்த கை? எல்லாரும் அடித்தார்கள். இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கி, அழுது, சிரித்து, அரோகரா என்று கத்தி அடித்தார்கள், அந்த ஊர் முழுவதும் ஒரேயடியாக எழும்பியது: கூப்பிடுகிறவர், பாடுகிறவர், பிள்ளை பெறுகிறவள், வலை இழுக்கிறவர், நாய்க்குச் சீட்டியடிக்கிறவன், கல்யாணவீடு, செத்தவீடு, சந்தை, மணி, மழை, அத்தனை பேரும் ஒருவர் வாயை ஒருவர் மூடுவதுபோல் ஒரே மூச்சில் பேசி, ஒரு சொல்லும் தனியாகக் கேட்காமல், பெரிய அலையொன்று வந்து மணலில் இறங்குவதுபோல் இறங்கிப் போனது.

அந்தச் சத்தத்தைச் சலவைக்கூடம்வரை கேட்டு லிசெட் ஓடிவந்தாள். கையில் சவர்க்கார நுரை காயவில்லை. வந்தபோது சிரட்டைத் துண்டுகளும் ஈர மண்ணும்தான் இருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், கடைசியில் யோகமலரின் முகத்தில் வந்து நின்றாள்.

அப்போது துளசிகா எழும்பி வேலிக்குக் கிட்டப் போனாள். "அம்மா, எனக்கு ஒண்டு கேட்டது. எனக்குப் பக்கத்திலை விழுந்தது. சின்னப்பிள்ளை ஒண்டு." லிசெட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"இசி, மமா! மோ இசி!"

இங்கே நிற்கிறேன், அம்மா. அதே ஏற்ற இறக்கம், அதே ஓட்டம், கடைசி எழுத்தில் அதே இழுப்பு. லிசெட் கண்ணை மூடினாள். இன்னொருதரம் என்று விரலால் காட்டினாள். துளசிகா சொன்னாள். இன்னொருதரம். சொன்னாள். யோகமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல் முழுதாக இருந்தது, ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை; அது முல்லைத்தீவில் பிறந்த ஒரு பெண்பிள்ளையின் குரலில் இருந்தது. அந்த முகத்தில் என்ன நடக்கிறது என்று அந்த முகாமிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

லிசெட் கம்பிக்கிடையால் கையை விட்டுத் துளசிகாவின் கன்னத்தைத் தொட்டாள். யோகமலர் பக்கம் திரும்பவில்லை. போய்விட்டாள்.

காலையில் பஸ் வந்தது. விமானத்துக்குக் கூட்டிப்போகிற பஸ்தான், யன்னலெல்லாம் திறந்துதான் இருந்தது, இருந்தும் யோகமலருக்குப் படியில் கால் எழும்பவில்லை. கடைசி ஆளாக நின்றவள், இருங்கோ என்று சொல்லிவிட்டு, வாளுக்குத் தப்பிய ஒரு கன்றிடம் போனாள். இடுப்பளவு உயரம், தானாக முளைத்தது, யாருடைய குரலும் இன்னும் ஏறாதது. குனிந்து, குருத்துக்குக் கிட்ட வாயை வைத்து, "லிசெட், நான் பிழை செய்துபோட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா" என்றாள். தமிழில்தான் சொன்னாள், அவளிடம் வேறு பாஷை இல்லை.

அந்தச் சொல் மட்டும் தனியாக அத்தனை வருசம் கன்றுக்குள் கிடக்கவேண்டுமே என்று தோன்றியது. ஆகவே தொண்டையைத் தாழ்த்தி, ஒரு ஆம்பிளை சொல்வதுபோல், "தண்ணிப் போத்திலை நீ வைச்சிரு" என்றும் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய குரலில்தான் வந்தது.

"அம்மா, வாங்கோ!" என்று யன்னலால் துளசிகா கூப்பிட்டாள்.

கன்று மரமாகிக் காய்க்கும். அன்றைக்கும் அந்தத் தீவில் யாரோ வேலிக்குள் இருப்பார்கள், ஒருத்தி கத்தியின் முதுகால் தட்டிக் காயை உடைப்பாள், தண்ணீருக்கு முன்னால் ஒரு பெண் அழுதழுது எதையோ சொல்வதைக் கேட்டு, ஒரு சொல்லும் விளங்காமல், பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லுவாள், நல்ல முத்தல் இது, பால் வரும் என்று.